திண்ணை வைத்த கணினிகள்: வீட்டு சர்வரின் வரலாறு



ஆண்டு மலர் என்றாலே ஆசிரியப் பெருமக்களையும் விடுதிச் சாப்பாட்டையும் பற்றித்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். நான் கொஞ்சம் வேறு பாதையில் போகிறேன். இப்போது நம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் ஒரு சிறு பெட்டி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு இருக்கிறதே, அந்த இன்டர்நெட் இணைப்பின் வரலாற்றில் ஒரு பக்கத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்தப் பக்கம், வீட்டிலேயே சர்வர் வைத்தவர்களின் பக்கம்.

சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி கொண்டுவருபவர் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. வேலை அதேதான். கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பது. ஒரு கட்டுரையையோ படத்தையோ யாராவது கேட்டால், எடுத்துக் கொடுக்கும் கணினிக்கு சர்வர் என்று பெயர். அது குளிரூட்டிய பெரிய கட்டடத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. நம் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம்.

அந்தக் காலத்து வீடுகளில் வாசலில் திண்ணை இருக்கும். வீடு நம்முடையது, திண்ணையில் மட்டும் வழிப்போக்கரும் உட்காரலாம். கணினி வலையமைப்பும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. வாங்கிக்கொள்பவன் வேறு, கொடுப்பவன் வேறு என்ற பேதம் இல்லை. பிறகு திண்ணை எப்படிப் போயிற்று, அது போனதால் நமக்கு என்ன நஷ்டம், மறுபடி கட்ட முடியுமா என்பவைதான் இக்கட்டுரையின் பொருள்.

பனிப்புயலில் பிறந்த பலகை

1978 ஜனவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகரைக் கடும் பனிப்புயல் முடக்கிப்போட்டது. வார்ட் கிறிஸ்டென்சன், ரேண்டி சூஸ் என்ற இரு கணினி ஆர்வலர்கள் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. கிறிஸ்டென்சன் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்தவர். இருவரும் ஓர் உள்ளூர் கணினிச் சங்கத்தின் உறுப்பினர்கள். சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் குண்டூசியால் குத்திவைக்கும் துண்டுச் சீட்டுகளைக் கணினியிலேயே வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். கிறிஸ்டென்சன் நிரலை எழுதினார், சூஸ் வன்பொருளைக் கட்டினார். 1978 பிப்ரவரி 16 அன்று அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சி.பி.பி.எஸ். என்று பெயர். தொலைபேசி வழியே யாரும் வந்து படித்து எழுதிவிட்டுப் போகக்கூடிய முதல் பொது அறிவிப்புப் பலகை இதுவே எனலாம்.

இது இருந்த இடம் கம்பெனியும் அல்ல, பல்கலைக்கழகமும் அல்ல, சூஸின் வீடு. இணைப்பு, சாதாரணத் தொலைபேசிக் கம்பி ஒன்று. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வரலாம். அவர் போனை வைத்த பிறகுதான் அடுத்தவர். யாராவது அழைத்து மணி அடித்ததும் கணினி தானாகவே துவங்கி, ஃபிளாப்பியிலிருந்து நிரலை ஏற்றிக்கொள்ளும். வேகமோ விநாடிக்கு 300 பிட். அதாவது சுமார் 30 எழுத்து. இரண்டாயிரம் எழுத்துள்ள ஒரு பக்கம் வந்து சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வருவதற்கும் 300, போவதற்கும் 300. கம்பி இருபக்கமும் சமம்.

சூஸ் 2019இலும் கிறிஸ்டென்சன் 2024இலும் காலமானார்கள். நாம் இன்று குழுக்களில் அரட்டை அடிக்கும் பழக்கத்துக்கு விதை போட்டவர்களில் இந்த இருவருக்கும் இடமுண்டு என்றால் மிகையாகாது.

இரவுத் தபால்

இப்படி வீட்டுக்கு வீடு பலகைகள் முளைத்தன. ஒரு பலகையில் எழுதியதை இன்னொரு ஊர்ப் பலகைக்கு எப்படி அனுப்புவது? 1984இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த டாம் ஜென்னிங்ஸ் ஒரு வழி கண்டார். இரவில் தொலைபேசிக் கட்டணம் குறைவு. ஆகவே எல்லாப் பலகைகளும் நள்ளிரவு கடந்து ஒரு குறித்த நேரத்தில் ஒன்றையொன்று அழைத்து, அன்றைய தபாலை மாற்றிக்கொள்ளட்டும் என்றார். இதற்கு ஃபிடோநெட் என்று பெயர். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குத் தபால் பை கைமாறுவதைப் போல, செய்தி ஒவ்வொரு வீடாகத் தாவித் தாவிப் போகும். 1990களின் நடுவில் இந்த வலையில் உலகெங்கும் 30,000க்கும் மேற்பட்ட பலகைகள் இருந்தன. பெரும்பாலானவை தனிமனிதர்களின் வீடுகளில், அவர்கள் கைக்காசில் நடந்தவை. போன் பில்லைப் பார்த்து வீட்டில் திட்டு வாங்கியவர்கள் எத்தனை பேரோ!

மேசை மேலிருந்த உலகம்

இன்று நாம் வலைத்தளம் என்று சொல்வதன் முதல் சர்வரும் ஒரு மேசைக் கணினிதான். சுவிட்சர்லாந்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990 இறுதியில் தம் நெக்ஸ்ட் கணினியில் அதை நடத்தினார். இது சர்வர், தயவுசெய்து யாரும் அணைத்துவிடாதீர்கள் என்ற கருத்தில் கையால் எழுதிய சீட்டு ஒன்று அதன் மேல் ஒட்டப்பட்டிருந்தது. வீட்டில் சர்வர் வைத்த எவருக்கும் அந்தச் சீட்டின் அருமை தெரியும். ஃபேன் சுவிட்சு என்று நினைத்து யாராவது தட்டிவிட்டால் தீர்ந்தது!

நம் நாட்டுக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பைக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய நகரங்களில் சென்னையும் ஒன்று, அப்போது மெட்ராஸ். மாணவர்களுக்கு மலிவான ஷெல் கணக்கு. அதில் படம் வராது, எழுத்து மட்டும் வரும். கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு முழு இணைப்பு. மோடம் கீச்சென்று கத்தி, கரகரத்து, கடைசியில் அமைதியானால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கிடைக்கவில்லையா, மறுபடி அழைக்கணும்.

அந்த முழு இணைப்பில் ஒரு விசேஷம் இருந்தது. அழைப்பு நீடிக்கும் வரை நம் வீட்டுக் கணினிக்கு உலகறிந்த முகவரி ஒன்று கிடைக்கும். அந்த முகவரியைத் தெரிந்துகொண்ட எவரும், எந்த நாட்டிலிருந்தும் நம் கணினியின் கதவைத் தட்டலாம். ஆக, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்றாலும் நம் வீட்டுக்குத் திண்ணை இருந்தது.

அதில் உட்காரவைக்க மென்பொருளும் இலவசமாகவே வந்து சேர்ந்தது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். 1995இல் அப்பாச்சி வலைச் சர்வர் வந்தது. டயல்-அப்பில் இவற்றை இறக்குவது நடக்கிற காரியமா? பி.சி. குவெஸ்ட் போன்ற இதழ்கள் லினக்ஸ் குறுந்தகடுகளை இணைப்பாகத் தந்தன. ஒருவர் வாங்க, விடுதியில் பத்து பேர் கைமாறும். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தது. இன்று பெரிய பெரிய பதவிகளில் இருக்கும் எத்தனையோ பேர், பழைய 486 பெட்டியில் லினக்ஸ் போட்டுப் பார்த்துத்தான் இந்தத் தொழிலைக் கற்றார்கள். புத்தகத்தில் படித்தது ஒரு பங்கு என்றால், ஓடாத சர்வரை ஓடவைத்துக் கற்றது ஒன்பது பங்கு.

கொடுக்கும் கை சிறுத்த கதை

இனி திண்ணை இடிந்த கதை. அது ஒரே நாளில் இடியவில்லை. கெட்ட எண்ணத்தோடு யாரும் இடிக்கவும் இல்லை.

முதல் கல்லைப் பெயர்த்தது வேகம். 1990களின் பிற்பகுதியில் வந்த 56 கே மோடம்கள் 56 வேகத்தில் வாங்கும், அனுப்புவது 33.6 மட்டுமே. அடுத்து ஏ.டி.எஸ்.எல். வந்தது. இதற்கு வித்திட்டவர் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜோசப் லெக்லைடர். தொலைபேசிக் கம்பிகள் கட்டுக் கட்டாகப் போவதால் ஒன்றின் சத்தம் மற்றொன்றில் கலக்கும். இருபக்கமும் சம வேகம் வைத்தால் இந்தக் கலப்பு அதிகம். ஒருபக்கத்தைப் பெரிதாகவும் மறுபக்கத்தைச் சிறிதாகவும் வைத்தால் கலப்பு குறையும், பழைய கம்பியிலேயே வேகம் கூடும் என்று 1980களின் பிற்பகுதியில் அவர் கண்டார். வீட்டில் இருப்பவர் சினிமாப் பார்ப்பார், அவர் எதை அனுப்பப் போகிறார் என்ற கணக்கும் இதற்குப் பொருந்தியது. பொறியியல் நோக்கில் இது மிக அழகான தீர்வு. ஆனால் வீடு என்பது வாங்கும் இடம் என்ற முடிவு அந்தக் கம்பிக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டது.

இந்தியாவில் 2004இல் வந்த அகலப்பட்டைக் கொள்கை, குறைந்தது 256 கே.பி.பி.எஸ். இருந்தால் பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். சேவை துவங்கியது. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை அளவில்லை என்று வந்த திட்டங்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்ட தலைமுறை அல்லவா! ஆனால் அனுப்பும் பக்கம்? 256 கே.பி.பி.எஸ். என்றால் விநாடிக்கு 32 கிலோபைட். நம் வீட்டு சர்வரில் 3 மெகாபைட் உள்ள ஒரே ஒரு கல்யாண போட்டோவை நண்பர் ஒருவர் பார்க்க வேண்டும் என்றால் ஒன்றரை நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் மூன்று நிமிடம்.

கூடவே மின்வெட்டு. 2012 வாக்கில் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் நாளில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. சர்வருக்கு யு.பி.எஸ்., யு.பி.எஸ்.ஸுக்கு பேட்டரி, பேட்டரிக்குத் தண்ணீர் என்று போகும். 60 வாட் இழுக்கும் பழைய கணினியை இரவு பகலாக ஓட்டினால் மாதம் 43 யூனிட். வீட்டில் கேள்வி வருமா வராதா?

கதவு எண் தீர்ந்த கதை

இரண்டாவது கல், முகவரி. இன்டர்நெட்டில் பழைய முறைப்படி இருக்கக்கூடிய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. 1980களில் இது கடல் மாதிரித் தெரிந்தது. 1990களிலேயே போதாது என்று தெரிந்துவிட்டது. 1994இல் நாட் என்ற முறை முன்வைக்கப்பட்டது. இதைப் புரிந்துகொள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரிவது ஒரே கதவு எண். உள்ளே எத்தனை வீடுகள் இருந்தாலும் வாசலில் இருக்கும் வாட்ச்மேன் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். இன்னார் வெளியே இன்னதைக் கேட்டார், பதில் வந்தால் அவரிடம் சேர்க்கணும் என்று. நம் வீட்டு ரவுட்டர் பெட்டிதான் அந்த வாட்ச்மேன். நாமே கேட்டது வந்தால் உள்ளே விடுவார். முன்பின் தெரியாத ஒருவர் தானாக வந்தால், யாரைப் பார்க்கணும் என்றே அவருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார்.

இந்த வாட்ச்மேன் நம்முடையவர் என்பதால், இன்ன கதவுக்கு வருபவரை இந்தக் கணினிக்கு அனுப்பு என்று சொல்லிவைக்க முடிந்தது. இதற்குப் பெயர் போர்ட் ஃபார்வர்டிங். வீட்டு சர்வர்காரர்கள் பல ஆண்டுகள் இதை வைத்துத்தான் காலம் தள்ளினார்கள்.

2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகள் பிரித்துக்கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் நம் ஆசியப் பகுதி தன் கடைசித் தொகுதிக்கு வந்து, பங்கீட்டைக் கட்டுப்படுத்தியது. உலகிலேயே முதலில் தீர்ந்தது நம் பகுதிதான். காரணம் தெரிந்ததே. முகவரிகளை வாரி வழங்கிய காலத்தில் நம் பக்கம் இணைப்பே இல்லை. இணைப்பு வந்தபோது முகவரி இல்லை. பந்திக்குப் பிந்தியவர் கதைதான்.

ஆகவே கம்பெனிகளே ஊருக்கு ஒரு பெரிய வாட்ச்மேனை வைத்தன. பல வீடுகள் சேர்ந்து ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். இதற்கெனவே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் தனியே ஒதுக்கப்பட்டன. உங்கள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வெளி முகவரி என்ன என்று பாருங்கள். இந்த வரிசையில் இருந்தால், நீங்கள் அந்தப் பெரிய வாட்ச்மேனுக்குப் பின்னால் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அவர் நம் ஆள் இல்லை. நாம் சொல்வதைக் கேட்கமாட்டார்.

மாணவர் இட்ட பாலம், மாணவர் செய்த கேடு

இந்நாள் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. வீட்டு இணைப்பின் முகவரி அடிக்கடி மாறும். நேற்று சொன்ன முகவரி இன்று வேறொருவர் வீடு. இதற்குத் தீர்வாக, முகவரி மாறினாலும் பெயர் மாறாதபடி பார்த்துக்கொள்ளும் சேவைகள் 1990களின் இறுதியில் வந்தன. அவற்றுள் புகழ்பெற்ற டின்டிஎன்எஸ், அமெரிக்காவின் வூஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்த இளங்கலை மாணவர்கள் தொடங்கியது. அது பிறகு டின் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

2016 அக்டோபர் 21 அன்று அதே டின் நிறுவனம் தாக்கப்பட்டது. ட்விட்டர் உட்பட பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. தாக்கியவை எவை? முக்கியமாக வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமராக்களும் ரவுட்டர்களும்தான். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை உரிமையாளர்கள் மாற்றாமல் விட்டதால், மிராய் என்ற தீநிரல் அவற்றுக்குள் புகுந்துகொண்டது. மிராயை எழுதியவர்கள் கல்லூரிப் பருவத்து இளைஞர் மூவர். 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

திண்ணை வைத்தால் திருடனும் வருவான் என்பது உண்மை. அதனால்தான் பல கம்பெனிகள் வீட்டு இணைப்பில் சில கதவுகளை மூடியே வைக்கின்றன. வீட்டு முகவரியிலிருந்து நேரடியாக வரும் மின்னஞ்சலைப் பெரும்பாலோர் ஏற்பதும் இல்லை. இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் திருடனுக்குப் பயந்து திண்ணையையே இடித்துவிட்டோம் என்பதும் உண்மைதானே.

வாடகை வீட்டில் வைத்த பெட்டி

திண்ணை போனால் என்ன, ஊரில் பெரிய பெரிய சத்திரங்கள் இலவசமாக இருக்கின்றனவே என்று நாம் எல்லோரும் அங்கே போனோம். தனிமனிதர்களின் வலைப்பக்கங்கள் குடியிருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. இந்தியக் கல்லூரிகளில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஆர்குட், 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. எத்தனையோ பழைய மாணவர் செட்டுகள் மடல் பரிமாறிக்கொண்ட யாஹூ குழுமங்களில், 2019–20இல் பழைய மடல்களும் கோப்புகளும் நீக்கப்பட்டன. 2020 டிசம்பர் 15இல் அந்தச் சேவையே நின்றது.

முன்னறிவிப்பு கொடுத்துத்தான் மூடினார்கள். எடுத்துக்கொள்ள அவகாசமும் இருந்தது. ஆனால் எடுக்க வேண்டியவர் யார்? குழுவைத் துவக்கியவர் வேலை மாறியிருப்பார், பழைய மின்னஞ்சலை விட்டிருப்பார், சிலர் இவ்வுலகையே விட்டிருப்பார்கள். எல்லோருடைய சொத்து என்றால் யாருடைய பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடுகிறது. அச்சடித்த ஆண்டு மலர் முப்பது வருடம் கழித்தும் பரணிலிருந்து கிடைக்கிறது. 2006இல் ஏற்றிய பிரிவு உபசார விழாப் படங்கள் கிடைப்பதில்லை. வீட்டு சர்வர் என்பது வெறும் கம்ப்யூட்டர் பைத்தியங்களின் பொழுதுபோக்கு அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

மறுபடி கட்டலாமா?

கட்டலாம். சும்மா சொல்லவில்லை, முன்னைவிட இப்போது சுலபம்.

கண்ணாடி இழை இணைப்பில் பழைய கம்பிச் சத்தத் தொல்லை இல்லை. பல திட்டங்களில் வருவதும் போவதும் சமம். 100 எம்.பி.பி.எஸ். அனுப்பும் வேகம் இருந்தால் அந்த 3 மெகாபைட் கல்யாண போட்டோ கால் விநாடியில் போய்ச்சேரும். கணினியும் சுருங்கிவிட்டது. 2012 பிப்ரவரியில் வந்த ராஸ்பெரி பை, ஏ.டி.எம். கார்டு அளவுதான். 5 வாட் எடுத்தால் மாதம் 4 யூனிட்டுக்குள் அடங்கும். பூட்டும் இலவசம்: 2015 டிசம்பரிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு, மறையாக்கத்துக்கான சான்றிதழை எல்லோருக்கும் காசில்லாமல் தருகிறது.

முகவரிக்கும் வழி உண்டு. ஐ.பி. ஆறாம் பதிப்பில் 340க்குப் பின்னால் 36 சைபர் போட்டால் எவ்வளவோ, அவ்வளவு முகவரிகள். பந்திக்குப் பிந்திய இந்தியா இதில் உலகின் முன்வரிசையில் இருக்கிறது. நம் நாட்டு இணைப்புகளில் பாதிக்கு மேல் இதைப் பயன்படுத்துகின்றன. அது கிடைக்காதவர்களுக்கு வயர்கார்டு போன்ற சுரங்கப்பாதை மென்பொருள் இருக்கிறது. 2020 மார்ச்சில் இது லினக்ஸிலேயே சேர்ந்துவிட்டது. வெளியில் நிலையான முகவரி உள்ள ஒரு சிறு வாடகைக் கணினி வரை நம் வீட்டிலிருந்தே சுரங்கம் தோண்டிவிட்டால், வாட்ச்மேனிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

ஒழுங்கும் வேண்டும். கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக் கணினிகளும் சர்வரும் ஒரே அறையில் படுக்காமல் தனித்தனி வலையில் இருப்பது நல்லது. வீட்டுத் திட்டத்தில் வணிக சர்வர் கூடாது என்று விதி இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக்கொள்ளுங்க. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே இடத்தில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். பெரிய கம்பெனி மூடுவது போலவே, வீட்டு டிஸ்க்கும் ஒருநாள் மூடும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். பழைய ஆண்டு மலர்களையும் ஒவ்வொரு செட்டின் படங்களையும் ஸ்கேன் செய்து, மூன்று ஊர்களில் மூன்று உறுப்பினர் வீடுகளில் மூன்று சிறு சர்வர்களில் வைப்போம். ஃபிடோநெட் காலம் போல அவை இரவில் ஒன்றையொன்று அழைத்துச் சரிபார்த்துக்கொள்ளட்டும். அவற்றை அமைக்கும் வேலையைக் கணினித் துறை இறுதியாண்டு மாணவர்களிடம் புராஜெக்டாகக் கொடுப்போம். பெரியவர்கள் படங்களும் பணமும் தரட்டும், பிள்ளைகள் உழைப்பைத் தரட்டும். ஆண்டுதோறும் சங்கப் பொதுக்குழுவில் வரவு செலவு வாசிப்பதைப் போல, மூன்று பிரதிகளும் நலமாக உள்ளனவா என்று ஒரு வரி வாசிக்கப்படட்டும். பொறுப்பு யாருடையது என்று பெயர் எழுதி வைத்தால் சொத்து நிற்கும்.

சிகாகோவில் இருவர் தொலைபேசிக் கம்பி ஒன்றையும் ஃபிளாப்பி ஒன்றையும் வைத்துத் தொடங்கினார்கள். நம்மிடம் அதைவிட நிறையவே இருக்கிறது.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!